அமுக்காத ஊசி

பேர்கூடக் கேட்காமல் அந்த அக்கா என் கையைப் பிடித்துத் திருப்பினார். நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் நாள். புத்தூரில் கம்பெனி பஸ் ஏறி, காலியாக இருந்த சீட்டில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் என் முழங்கைக்குக் கீழே கன்றிப்போயிருந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார்.

"இது எப்ப பட்டுது?"

"தெரியலக்கா. எங்கியாவது இடிச்சிக்கினு இருப்பேன்."

"எங்கியாவதுன்னா? யோசிச்சி சொல்லு."

இது ஏதோ ஒரு மாதிரியான கேஸ் என்றுதான் முதலில் நினைத்தேன். நாகலாபுரம் தாண்டியும் விடவில்லை. கடைசியில் குளியலறைத் தாழ்ப்பாளில் இடித்துக்கொண்டது ஞாபகம் வந்தது. சொன்னதும் அவர் மூச்சு விட்டார்.

"சரி. நாலஞ்சு நாள்ல மஞ்சளாயி மறைஞ்சிடணும். மறையலைன்னா எங்கிட்ட வந்து காட்டு."

நாங்கள் வேலை செய்தது ஆந்திர எல்லையில் இருக்கும் ஸ்ரீசிட்டியில் போன் சார்ஜர் செய்யும் தொழிற்சாலை. லைனின் கடைசி மேஜை அவருடையது. மேலே வெள்ளை விளக்கு, கையில் பூதக்கண்ணாடி, முன்னால் மூன்று தட்டுகள். நல்ல பீஸ் ஒன்றில், கெட்டது இன்னொன்றில். மூன்றாவது தட்டு சந்தேகத்துக்கு உரியது. அதில் போகும் பீஸுக்கு ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி 'ஹோல்டு' என்று ஓரமாக வைத்துவிட வேண்டும். இன்ஜினியர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அது வெளியே போகும். மற்றவர்கள் மேஜையில் அந்தத் தட்டில் தூசிதான் இருக்கும். அக்கா மேஜையில் அது வழிந்துகொண்டிருக்கும்.

"ஏன்ட்டம்மா இதி, அன்னீ ஹோல்டேனா?" என்று சூப்பர்வைசர் தெலுங்கில் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொள்வார், எல்லாமே ஹோல்டா என்று.

"டவுட்டு உந்தி சார்." சந்தேகம் இருக்கிறது, அவ்வளவுதான். வாதாட மாட்டார், அடுத்த பீஸை எடுப்பார். டெலிவரிக்கு லாரி வந்து நின்று எல்லோரும் பறந்த ஒரு நாளில், மேனேஜரே வந்து, "சும்மா ஒரு கீறல்தானே, விட்டுடுங்க" என்று கெஞ்சினார். "நீங்க கையெழுத்து போடுங்க சார், விட்டுடறேன்" என்று பேனாவை நீட்டினார் அக்கா. மேனேஜர் திரும்பிப் போய்விட்டார்.

சாப்பாட்டு நேரத்திலும் இதே வேலைதான். பேக்கிங்கில் இருந்த ஒரு பெண்ணின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, "ரத்தமே இல்ல, நாளைக்கே போய் டெஸ்ட் எடு" என்று விரட்டி, எடுத்தாளா என்று ஒரு வாரம் நச்சரித்தார். இரும்புச்சத்து மாத்திரையோடு அது முடிந்தது. நாங்கள் அவருக்கு 'டாக்டரம்மா' என்று பட்டம் வைத்தோம். அதிகம் கிண்டல் செய்தது நான்தான். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அவர் ஏன் அப்படி ஆனார் என்பது எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரிய வந்தது. ஒரே மகள். நாலு வயதில் அவளுக்கு முழங்காலுக்குக் கீழே நீலம் நீலமாகத் திட்டு வந்தது. அங்கன்வாடியில் விழுந்து எழுந்து வருகிறாள் என்று நினைத்திருக்கிறார். ஏன்டி குதிக்கிற என்று ஒரு நாள் அடித்தும் இருக்கிறார். ஒரு மாதம் கழித்து ஈறில் ரத்தம் வந்தபோதுதான் திருப்பதிக்கு ஓடினார்கள். ரத்தப் புற்றுநோய்.

"தெனம் குளிப்பாட்டுற புள்ள. இந்தக் கையாலதான் சோப்பு போட்டேன். கண்ணால பாத்தேன். பாத்துட்டு விட்டுட்டேன்" என்று ஒரு தடவை சொன்னார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

பிள்ளை பிழைத்தாள். வருஷக்கணக்கில் மருந்து, நோய் மூளைக்குப் போகாமலிருக்கத் தலைக்குக் கரண்டும், அதாவது கதிர்வீச்சும், வைத்தார்கள். எல்லாம் முடிந்து, இனி ஆண்டுக்கு ஒரு முறை வந்து காட்டினால் போதும் என்று சொன்ன பிறகு இன்னொன்று தெரிந்தது. அவள் வளரவில்லை.

நான் முதலில் பார்த்தபோது அவளுக்குப் பதிமூன்று வயது. எட்டாம் வகுப்பு. மூன்றாம் வகுப்புப் பிள்ளை போல இருந்தாள். ஆனால் வாய் மட்டும் பதிமூன்றுக்கும் மேலே. பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆவதற்கு முந்தைய காலம் அது. நாங்கள் மூவரும் திருப்பதி போகும்போது கண்டக்டர் அவளைப் பார்த்து அரை டிக்கெட் கிழித்தார்.

"நாக்கு பதமூடேள்ளு. ஃபுல் டிக்கெட் இவ்வண்டி" என்றாள். பதிமூன்று வயசாகிறது, முழு டிக்கெட் கொடுங்கள் என்று அவள் கேட்டதற்குக் கண்டக்டர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. முழு டிக்கெட்டை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள்.

அந்தப் பயணம்தான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். என் அம்மாவுக்கு இன்சுலின் வாங்க அவளைக் காட்டப்போகும் அதே ஆஸ்பத்திரிக்கு நானும் போக வேண்டியிருந்தது. அக்கா என்னையும் டாக்டர் அறைக்குள் இழுத்துக்கொண்டு போனார். அந்தப் பெண் டாக்டர் பொறுமையானவர். தலையில் வைத்த கரண்டு, மூளைக்கு அடியில் இருக்கும் சுரப்பியைத் தளர்த்திவிட்டது, அதனால் வளர்ச்சி ஹார்மோன் சுரக்கவில்லை என்றார். தினமும் ஓர் ஊசி போட்டால் வளர்வாள். ஆனால் நாள் அதிகம் இல்லை. எலும்பின் முனைகள் மூடிக்கொண்டால் பிறகு எந்த ஊசியும் பயன்படாது.

அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "வளர வைக்கிற மருந்துன்றீங்க. ஒடம்புல எங்கியாவது அந்தக் கெட்ட அணு ஒண்ணு மிச்சம் இருந்தா, அதையும் வளர வைக்குமா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். நல்ல கேள்வி, டாக்டர்களுக்கே இந்தப் பயம் இருந்தது என்றார். நோய் அடங்கிப் பல வருஷம் ஆன பிள்ளைகளுக்கு இந்த ஊசி கொடுத்துத் தொடர்ந்து பார்த்ததில், இதனால் அது திரும்புவதாகத் தெரியவில்லை. இருந்தாலும் அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருப்போம். "ஒருபோதும் வராது என்று எழுதித் தர முடியாதம்மா. ஊசி போடாவிட்டாலும் அப்படி எழுதித் தர முடியாது."

இரண்டு வாக்கியம். அக்காவின் காதில் முதல் வாக்கியம் மட்டும்தான் விழுந்தது என்று எனக்குப் பின்னால்தான் புரிந்தது. முதல் ஊசியை அங்கேயே சிஸ்டர் போட்டுக் காட்டினார். பேனா மாதிரி இருக்கும். முனையைத் திருகி அளவு வைத்து, குத்தி, பின்னால் இருக்கும் பொத்தானை அமுக்கிப் பத்து எண்ண வேண்டும். அக்கா அதை ஒரு பீஸைப் பார்ப்பது போலவே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறு மாதம் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். வீட்டுக்காரர் குவைத்தில் டிரைவர். தாயும் மகளும் மட்டும்தான். எலுமிச்சம்பழம் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தேன். கீழே காய்கறித் தட்டில் காய் இல்லை. மாதாமாதம் ஆஸ்பத்திரியில் கொடுத்த ஊசிப் பேனாக்கள், பெட்டி பிரிக்காமல், வரிசையாக. ஒவ்வொரு பெட்டியின் மேலும் சிவப்பு ஸ்டிக்கர்.

அக்கா பின்னால் வந்து நின்றார்.

"அக்கா, அப்ப தெனம் நீ இன்னா போடற?"

"மொத குடுத்த பேனாவாலயே குத்துவேன். அமுக்க மாட்டேன்."

"கொழந்தைக்குத் தெரியாதா?"

"அவ அந்தப் பக்கம் மூஞ்சத் திருப்பிக்குவா." குரலைத் தாழ்த்தினார். "தூக்கியும் போடல பாரு. ஹோல்டு பண்ணி வச்சிருக்கேன். கையெழுத்து இல்லாம நான் எப்டி உள்ள அனுப்பறது? ஒரு தடவ பாத்துட்டு விட்டேன். இன்னொரு தடவ விட மாட்டேன்."

லைனில் ஓரம் வைத்த பீஸ் அப்படியே இருக்கும், நாளை பார்த்துக்கொள்ளலாம். பிள்ளையின் எலும்பு அப்படிக் காத்திருக்குமா? இதைச் சொன்னேன். "எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினியா?" என்று கேட்டுவிட்டு, என் கையிலிருந்த எலுமிச்சம்பழத்தை வாங்கி நறுக்கப் போய்விட்டார். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியமும் வாங்கிக்கொண்டார். கொடுத்தேன். அது என் முதல் தப்பு.

அடுத்த மாதம் டாக்டர் உயரம் பார்த்தார். ஏறவே இல்லை. "தினமும் போடுறீங்களா?" என்று கேட்டதற்கு, "ஒரு நாளும் விடல மேடம்" என்றார் அக்கா. ஊசி குத்தியதைக் கணக்கு வைத்தால் அது பொய்யும் இல்லை. ரத்தத்திலும் ஹார்மோன் ஏறவில்லை என்று பார்த்த டாக்டர், அளவு போதவில்லை என்று நினைத்துக் கூட்டி எழுதினார். அந்தச் சீட்டை அக்கா ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தார்.

அதற்குப் பிறகு கம்பெனியில் அவரை ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருந்த இன்னொரு பிளாண்டுக்கு ஒரு வாரம் டிரெய்னிங் அனுப்பினார்கள். மகளோடு தங்க என்னைக் கேட்டார். என் அம்மாவுக்கு நான்தான் இன்சுலின் போடுகிறேன், பேனா ஊசி எனக்குப் பழக்கம். கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார்: "சாப்பாட்டுக்கு முன்னாடி குத்து. அமுக்காத. யார்கிட்டயும் சொல்லாத. சத்தியம் பண்ணியிருக்க, ஞாபகம் வச்சுக்கோ."

முதல் நாள் அப்படியே செய்தேன். குத்தினேன், பத்து எண்ணினேன், எடுத்தேன். அந்தச் சின்னத் தொடையில் வெறும் ஊசியை இறக்கிய என் கையை எனக்கே பிடிக்கவில்லை.

மறுநாள் அவளுடைய பள்ளிப் பாவாடையைத் துவைத்தேன். பிள்ளைகள் வளர வளரப் பிரித்து இறக்குவதற்காக டெய்லர் கீழே நாலு விரல் மடித்துத் தைத்திருப்பார் அல்லவா, அந்த மடிப்பு இருந்தது. துணி வெளுத்து, இடுப்புப் பக்கம் நைந்தே போயிருந்தது. மடிப்பு மட்டும் தைத்த அன்று இருந்தபடி. அதற்குள்ளே துணியின் பழைய நிறம்கூட அப்படியே இருந்தது. "இது எப்ப தச்சது?" என்று கேட்டேன். "அஞ்சாவதுல சின்னம்மா" என்றாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இந்த மாதிரி நேரத்தில் எனக்கு எப்போதும் நான்தான் புத்திசாலி என்று தோன்றும். ஃப்ரிட்ஜ் கதவில் இருந்த சீட்டைப் பார்த்தேன். சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய ஒரு பெட்டியைப் பிரித்துப் பேனாவை எடுத்தேன். சீட்டில் எழுதியிருந்த அளவைத் திருகி வைத்து, குத்தி, அமுக்கினேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அதற்கடுத்த நாட்களிலும் அமுக்கினேன். நல்லது செய்கிறேன் என்று உள்ளுக்குள் பெருமை வேறு.

நான் அமுக்கிய நாலாவது ஊசிக்கு மறுநாள் காலை அவள் எழுந்திருக்கவில்லை. முகம் உப்பியிருந்தது. "தலை வலிக்குது" என்றாள். இரண்டு அடி நடந்து வாந்தி எடுத்தாள்.

காலையில் தலைவலியும் வாந்தியும் வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் கொண்டு வாருங்கள் என்று பழைய டாக்டர்கள் சொல்லியிருந்ததை அக்கா எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த நோய் மூளைத் தண்ணீரில் போய் ஒளிந்துகொள்ளுமாம். உடனே அவருக்குப் போன் செய்தேன். மதியத்துக்குள் அக்கா வந்து சேர்ந்தார். எத்தனை பஸ் மாறினாரோ தெரியாது. என்னைப் பார்க்கவில்லை. மகளின் உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தார். கால்களைப் பார்த்தார். கழுத்தையும் அக்குளையும் தடவிப் பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்தார்.

"வந்துட்டுச்சு" என்றார்.

கார் வைத்துக்கொண்டு திருப்பதிக்குப் போனோம். பிள்ளை எங்கள் இருவருக்கும் நடுவில், அம்மா மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். வடமாலப்பேட்டை தாண்டும்வரை வாயைத் திறந்துவிடலாம் என்று ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லிலும் நினைத்தேன். முடியவில்லை. ஒருவேளை அவர் பயந்ததுதான் நடந்துவிட்டதோ? நான் அமுக்கிய நாலே நாளில், ஒளிந்திருந்த ஏதோ ஒன்று விழித்துக்கொண்டதோ? தூரத்தில் திருமலை தெரிந்தது. அந்தத் திசையைப் பார்க்கக்கூட எனக்குத் தைரியம் இல்லை.

டாக்டர் கேட்டார்: "ஊசி தவறாமல் போகிறதா?"

"ஒரு நாளும் விடல மேடம்."

டாக்டர் எழுதத் தொடங்கினார். ரத்தம், தலைக்கு ஸ்கேன், அதன்பின் முதுகுத்தண்டில் ஊசி, எலும்பு மஜ்ஜை. எலும்பு மஜ்ஜை என்று கேட்டதும் பிள்ளை கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நாலு வயதில் பட்டது அவளுக்கு ஞாபகம் இருந்தது. கத்தவில்லை, விரல்கள் மட்டும் வெளுத்தன.

"மேடம், இத்தினி மாசமா மருந்து உள்ள போகவே இல்ல" என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது. "நாலு நாளாத்தான் போவுது. நீங்க கூட்டி எழுதின அளவு. நான்தான் போட்டேன்."

டாக்டர் பேனாவை மூடிவிட்டு எழுந்தார். சின்ன விளக்கை வைத்துப் பிள்ளையின் கண்ணுக்குள் நெடுநேரம் பார்த்தார். ஒன்றுமே போகாத உடம்பில் திடீரென்று இவ்வளவு மருந்து போயிருக்கிறது, உடம்பு தண்ணீரைப் பிடித்துக்கொண்டு தலைக்குள் அழுத்தம் கூடியிருக்கலாம் என்றார். மருந்தை நிறுத்துவோம். ரத்தமும் ஸ்கேனும் எப்படியும் பார்த்தே ஆக வேண்டும். முதுகு ஊசியும் மஜ்ஜையும் நாளை வரை இருக்கட்டும்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "நீயா?" என்றார். பிறகு மெதுவாக, "எம்பொண்ணுக்கு அது திரும்ப வந்திருந்தா, நீதான் கொண்டாந்த" என்றார்.

வராண்டாவில் ஒரு மூலையில் அவரும் ஒரு மூலையில் நானுமாக உட்கார்ந்திருந்தோம். அன்றைக்குப் பட்ட பயத்தை நான் என் பிரசவத்தில்கூடப் பட்டதில்லை. யாராவது காகிதத்தோடு கடந்து போனாலே இருவரும் ஒன்றாக எழுந்து நிற்போம், ஒருவரை ஒருவர் பார்க்காமல்.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை. மறுநாள் பிற்பகல் ரத்தத்தின் ரிப்போர்ட் வந்தது. கெட்ட அணு எதுவும் இல்லை. முதுகு ஊசியும் மஜ்ஜையும் தேவைப்படவில்லை. மூன்றாம் நாள் தலைவலி போய், இட்லி கேட்டாள். டாக்டர் அப்போதுதான் திட்டினார், இருவரையும் சேர்த்து. என்னைத் திட்டியது நியாயம். அக்காவிடம், "நீங்க பயந்தது தப்பில்லை. எங்கிட்ட மறைச்சதுதான் தப்பு. தெரிஞ்சிருந்தா நான் அளவைக் கூட்டியிருக்கவே மாட்டேன். பயமா இருக்குன்னு சொல்லியிருந்தா நானும் உங்களோட உக்காந்து யோசிச்சிருப்பேன்" என்றார். அக்கா தலையை ஆட்டினார். பிறகு கட்டிலருகே போய் மகளின் தலையைத் தடவினார்.

"உனக்குத் தெரியாம பண்ணிட்டேன் கண்ணு. தெனம் சும்மா குத்தியிருக்கேன்."

"தெரியும்மா" என்றாள் பிள்ளை.

"இன்னா தெரியும்?"

"இங்க சிஸ்டர் போட்டப்ப மருந்து எரிஞ்சுது. வீட்ல நீ போட்டு ஒரு நாளும் எரியல."

"மொத நாள்லேர்ந்தே தெரியுமா?" அக்காவின் குரல் கம்மியது. "அப்புறம் எதுக்குடி தெனம் காலைக் காட்டுன? வேணாம்னு சொல்லியிருக்கலாம் இல்ல?"

"குத்தி முடிச்சாத்தானே நீ துன்னுவ."

அக்கா கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். நான் வெளியே போய்விட்டேன். அதற்கு மேல் அங்கே நிற்க எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது.

அக்கா அதன் பிறகு என்னோடு பேசவில்லை. பஸ்ஸில் முன்சீட்டுக்கு மாறிக்கொண்டார். மூன்று மாதம் கழித்து, டாக்டர் மிகச் சிறிய அளவில் மறுபடி தொடங்கச் சொல்லியிருக்கிறார் என்று பிள்ளைதான் போன் செய்தாள். "சின்னம்மா, நீ வா. அம்மாவுக்குக் கை ஆடுது" என்றாள்.

போனேன். அக்கா கதவைத் திறந்து வழிவிட்டார். பேனாவை எடுத்து அளவை வைத்தார், பூதக்கண்ணாடியால் இரண்டு தடவை பார்த்தார், மறுபடி ஒரு தடவை பார்த்தார். தொடைக்கு அருகே கொண்டுபோனபோது கை உதறியது. என் பக்கம் நீட்டினார். எனக்கும் கை வரவில்லை. பிள்ளை எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுப் பேனாவைத் தானே வாங்கிக்கொண்டாள். குத்தினாள். அமுக்கினாள். வாய்விட்டுப் பத்து எண்ணினாள்.

"எரியுதா?" என்று கேட்டார் அக்கா. அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"எரியுது" என்றாள் அவள். "நீ போய் துன்னும்மா."

அக்கா சமையலறைக்குப் போனார். தட்டுகள் வைக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன், எனக்கும் சேர்த்து மூன்று தட்டு வைத்திருந்தார். சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மகளைப் பார்ப்பதும், ஒரு வாய் எடுப்பதும், மறுபடி மகளைப் பார்ப்பதுமாக இருந்தார்.